சராசரி என்னும் சொல்லுக்கு நேர்ந்த கதி

மனிதரைப் போலவே சொற்களுக்கும் உயர்வு தாழ்வு உண்டு. 'நாற்றம்' என்னும் சொல் ஒரு காலத்தில் நறுமணத்தைக் குறித்தது. இன்று மூக்கைப் பொத்திக்கொள்ளச் செய்கிறது. அச்சொல்லின் வீழ்ச்சியால் எவருக்கும் தீங்கு விளைந்ததில்லை. ஆனால் எண்ணுவதற்கென்று பிறந்த ஒரு சொல் தரம் தாழும்போது, எண்ணப்படும் மனிதரும் அதனோடு சேர்த்துத் தாழ்த்தப்படுகின்றனர். 'சராசரி' என்னும் சொல்லுக்கு நேர்ந்திருப்பது இத்தகைய வீழ்ச்சியே.

இச்சொல் இன்று மூன்று இடங்களில் மூன்று வேடங்களில் உலவுகிறது. பள்ளிக்கூடத்தில் அது ஒரு வசைச்சொல். "உங்கள் பிள்ளை சராசரி மாணவன்தான்" என்று சொல்லப்படும்போது தந்தையின் முகம் வாடுகிறது. அரசாங்க அறிக்கையில் அது ஒரு திரை; அதன் பின்னால் பசித்த வயிறுகள் மறைக்கப்படுகின்றன. நம் வீடுகளிலும் ஜமாஅத்துக் கூட்டங்களிலும் அது ஒரு தாலாட்டு. "நம் சமுதாயம் சராசரிக்கு மேலே இருக்கிறது" என்ற ஒரு வாக்கியத்தில் நம் மனச்சான்று கண்ணயர்ந்து விடுகிறது. இம்மூன்று வேடங்களையும் களைந்து காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

"அரபி இலக்கணமும் தமிழ் இலக்கணமும் சொல்லிக் கொடுக்கும் உமக்குப் புள்ளியியலில் என்ன வேலை?" என்று வினவுவோர் இருக்கலாம். கூட்டலையும் வகுத்தலையும் கணித ஆசிரியர் பார்த்துக்கொள்ளட்டும். வந்த விடைக்கு ஒரு பெயர் சூட்டப்படுகிறதே, அந்தப் பெயர் மெய் பேசுகிறதா, பொய் பேசுகிறதா என்று கேட்கும் கடமை மொழியாசிரியனுக்கு உண்டு.

சொல்லின் பிறப்பு

'சராசரி' என்பதைச் 'சராசரம்' என்னும் வடசொல்லோடு முடிச்சுப் போட்டு, அசைவதும் அசையாததுமாகிய எல்லாவற்றையும் அடக்கியது என்று பொருள் சொல்வார் சிலர். கேட்க இனிமையாக இருக்கிறது, ஆனால் உண்மையன்று. இச்சொல் பாரசீகத்திலிருந்து வந்தது. பாரசீகத்தில் 'ஸர்' என்றால் தலை. 'ஸராஸர்' என்றால் ஒரு தலையிலிருந்து மறு தலை வரை, அதாவது ஒரு முனை முதல் மறு முனை வரை. அதிலிருந்து பிறந்த 'ஸராஸரீ' வருவாய்த் துறைக் கணக்கர்களின் நாவில் வழங்கி நம் நாட்டு மொழிகளுக்குள் புகுந்தது. மராத்தியிலும் தெலுங்கிலும் கன்னடத்திலும் மலையாளத்திலும் இதே சொல் சிறு ஒலி வேறுபாட்டோடு இதே பொருளில் வழங்குகிறது. தாலுக்கா, வசூல், பாக்கி, பசலி, ஜமாபந்தி, கிஸ்தி என்று எத்தனையோ அரபி, பாரசீகச் சொற்கள் கச்சேரி வாசல் வழியாகத் தமிழ் வீட்டுக்குள் வந்து குடியேறின அல்லவா? அந்தக் கூட்டத்தில் வந்த சொல்தான் இதுவும்.

ஒன்றை ஈண்டு கருத வேண்டும். ஒவ்வொன்றாக நின்று நிதானித்துப் பாராமல், முனையிலிருந்து முனை வரை ஒரு வீச்சாகப் பார்த்துவிட்டுச் சொல்லும் மதிப்புக்கே இப்பெயர் பொருந்தும். இதன் உறவுச் சொல்லான 'சர்ஸரீ' உருதுவில் இன்றும் மேலோட்டமான பார்வையைக் குறிக்கிறது. ஆகவே 'சராசரி' என்னும் சொல் தன் குறையைத் தன் பெயரிலேயே ஒப்புக்கொண்ட சொல். "நான் மேலோட்டமாகப் பார்த்தவன், உள்ளே போய்ப் பார்ப்பது உங்கள் வேலை" என்று அது நம்மிடம் சொல்லிக்கொண்டே இருக்கிறது. நாமோ அதை ஆராய்ந்து தீர்ந்த முடிவாகக் கொண்டாடுகிறோம்.

இதற்கு ஓர் உடன்பிறப்பும் உண்டு. 'சுமார்' என்கிறோமே, அதுவும் பாரசீகச் சொல்லே. அங்கே 'ஷுமார்' என்றால் எண்ணிக்கை. மக்கள் தொகைக் கணக்கெடுப்பை உருதுவில் 'மர்தும் ஷுமாரி' என்பார்கள். ஆட்களை எண்ணுதல் என்பது அதன் பொருள். நம்மிடம் வந்தபின் அது 'ஏறத்தாழ' என்றாகி, பிறகு "படம் சுமார்", "பையன் சுமார்" என்று இளப்பமாகச் சொல்லும் சொல்லாகவும் ஆகிவிட்டது. எண்ணிக்கையைக் குறித்த இரண்டு நல்ல சொற்கள்! இரண்டையும் ஏளனத்துக்கு ஆளாக்கிவிட்டோம்.

கடலில் பிறந்த நீதி

ஆங்கிலேயர் சராசரியைக் குறிக்க 'ஆவரேஜ்' என்கின்றனர். அச்சொல்லின் வேர் அரபியில் இருக்கிறது என்பது சொல்லாராய்ச்சியாளர் பலரும் ஏற்கும் முடிவு. அரபியில் 'அவார்' என்றால் பழுது, சேதம். கப்பலில் வரும் சரக்குக்கு நேர்ந்த சேதத்தைக் குறித்த இச்சொல், மத்தியதரைக் கடல் வணிகர்களின் வாயிலாக இத்தாலியத்தில் 'அவாரியா' என்றும் பிரெஞ்சில் 'அவாரி' என்றும் வழங்கி, ஆங்கிலத்தை அடைந்தது. கணக்குப் பாடத்தில் இன்று நாம் படிக்கும் பொருளை அது பெற்றதெல்லாம் 18 ஆம் நூற்றாண்டில்தான்.

சேதம் எவ்வாறு சராசரியாயிற்று? கீழக்கரையிலும் காயல்பட்டினத்திலும் நாகூரிலும் கடலோடிய முன்னோரைப் பெற்ற வாசகர்களுக்கு இதை விளக்குவது எளிது. நடுக்கடலில் புயல். கப்பல் கவிழும் நிலை. பாரத்தைக் குறைத்தால்தான் உயிர் பிழைக்கலாம். மாலுமி கைக்கு அகப்பட்ட பொதிகளைக் கடலில் எறிகிறான். எறியப்பட்டது ஒருவனுடைய மிளகு. தப்பியது மற்றவர்களுடைய பட்டும் பாக்கும். கரை சேர்ந்தபின் மிளகுக்காரன் மட்டும் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு போக வேண்டுமா? கூடாது என்றது கடல் வழக்கு. அவன் இழப்பால் பிழைத்தவர் அனைவரும், கப்பல் உரிமையாளன் உட்பட, தத்தம் உடைமையின் மதிப்புக்கு ஏற்ப அந்த இழப்பைப் பங்கிட்டுக்கொள்ள வேண்டும். ரோட்ஸ் தீவின் கடற்சட்டம் என்ற பெயரில் கி.பி. 533 இல் வெளியான ஜஸ்டீனியன் சட்டத் தொகுப்பில் இந்த நெறி இடம்பெற்றது. கப்பல் வாடகை பற்றி எழுதிய மாலிகீ மத்ஹபின் சட்ட அறிஞர்களும் சரக்கைக் கடலில் எறிவதன் விதிகளை ஆராய்ந்துள்ளனர்.

இது பழங்கதையும் அன்று. 2021 மார்ச்சில் 'எவர் கிவன்' என்னும் பெருங்கப்பல் சூயஸ் கால்வாயில் ஆறு நாட்கள் குறுக்கே சிக்கிக் கிடந்ததே, அதை மீட்டபின் கப்பல் உரிமையாளர் அறிவித்தது இந்த 'பொதுச் சேதப் பங்கீட்டை'த்தான். ஏறத்தாழ 18,000 பெட்டகங்களில் சரக்கு அனுப்பியிருந்தவர்கள், தங்கள் பொருளுக்கு ஒரு கீறலும் விழாதிருந்தும், மீட்புச் செலவில் பங்கேற்க வேண்டியவராயினர்.

ஆக, மேனாட்டார் சொல்லின் வேரில் இருப்பது நீதி. ஒருவன் இழந்ததை எல்லாரும் சுமப்பது அதன் முதற்பொருள். இன்று அச்சொல்லைக் கொண்டு நாம் செய்வது என்ன? ஒருவன் இழந்ததை எல்லாருடைய கணக்கிலும் கரைத்துவிட்டு, இழப்பே இல்லை என்கிறோம். பங்கிட்டுச் சுமக்கப் பிறந்த சொல்லைப் பங்கிட்டு மறைக்கப் பயன்படுத்துகிறோம். இதைவிடப் பெரிய அநீதியை ஒரு சொல்லுக்குச் செய்ய முடியுமா?

வசைச்சொல் ஆன வரலாறு

'சராசரி மனிதன்' என்ற தொடர் வானத்திலிருந்து விழவில்லை. அதை உருவாக்கியவர் பெல்ஜியம் நாட்டு வானியல் அறிஞர் அடோல்ஃப் கெத்தலே. 1796 இல் பிறந்து 1874 இல் மறைந்தவர். விண்மீன்களின் இடத்தைப் பலமுறை அளந்து, அளவீடுகளின் சராசரியை எடுத்தால் பிழைகள் ஒன்றையொன்று அழித்துக்கொண்டு உண்மையான இடம் கிடைக்கும் என்பது வானியலார் கண்ட முறை. அதையே மனிதருக்குப் பொருத்தினார் கெத்தலே. ஸ்காட்லாந்துப் படைவீரர் ஐயாயிரத்துக்கு மேற்பட்டோரின் மார்பளவுகளை ஆராய்ந்தார். 1835 இல் வெளியிட்ட நூலில் 'சராசரி மனிதன்' என்னும் கருத்தை நிறுவினார். அவர் கண்ணில் சராசரி மனிதனே இயற்கை கருதிய இலட்சிய வடிவம். மற்றவரெல்லாம் அதிலிருந்து பிறழ்ந்த பிழைகள்!

அவருக்குப் பின் வந்தார் ஆங்கிலேயர் பிரான்சிஸ் கால்ட்டன். அவர் மேதைகளைப் போற்றியவர். உயர்ந்த குலத்தாரை மட்டும் பெருக்கி மனித இனத்தைத் திருத்தலாம் என்று கனவு கண்டு, அக்கொள்கைக்கு 1883 இல் 'யூஜெனிக்ஸ்' என்று பெயர் வைத்தவரும் அவரே. கெத்தலேக்கு இலட்சியமாகத் தோன்றிய நடுவிடம், கால்ட்டனுக்கு மட்டமானதாகத் தோன்றியது. பெற்றோர் மிக உயரமாக இருந்தால் பிள்ளைகள் அவர்களைவிடச் சற்றுக் குறைந்து நடுவளவை நோக்கி வருவதைக் கண்டு 1886 இல் அவர் எழுதிய கட்டுரையின் தலைப்பிலேயே, அந்த நடுவளவைக் குறிக்க 'மட்டமான நிலை' என்று பொருள்படும் சொல்லையே ஆண்டார். எண் மாறவில்லை, எண்ணின்மேல் வைத்த பார்வை மாறியது. ஐம்பதே ஆண்டுகளில் இலட்சியம் இழிவாயிற்று. நம் பள்ளிக்கூடங்களில் 'சராசரி மாணவன்' என்று முகம் சுளிப்போர், தாம் அறியாமலே கால்ட்டனின் சீடர்கள்.

முதலில் அந்தச் சராசரி மனிதன் எங்கேனும் இருக்கிறானா? 1950 இல் அமெரிக்க விமானப்படை 4,063 விமானிகளை அளந்தது. விமானி அமரும் கூண்டைச் சராசரி உடலுக்கு ஏற்ப அமைக்க வேண்டும் என்பது நோக்கம். கில்பர்ட் டேனியல்ஸ் என்னும் இளம் ஆராய்ச்சியாளர், உயரம், மார்பளவு, கை நீளம் முதலான பத்து அளவுகளை எடுத்துக்கொண்டு, பத்திலும் நடுவளவை ஒட்டி அமைந்த விமானிகள் எத்தனை பேர் என்று பார்த்தார். ஒருவர்கூட இல்லை! நாலாயிரம் பேரில் ஒருவரும் இல்லை. எல்லாருக்கும் பொருந்த வேண்டும் என்று சமைத்த கூண்டு எவருக்கும் பொருந்தாத கூண்டாக இருந்தது. அதன் பயனாகவே இருக்கையையும் பட்டைகளையும் ஆளுக்கு ஏற்ப நகர்த்தி அமைக்கும் முறை வந்தது.

இனி நம் பிள்ளையின் மதிப்பெண் ஏட்டுக்கு வருவோம். ஐந்து பாடங்களிலும் ஐம்பது ஐம்பதாக வாங்கிய பிள்ளையின் சராசரி 50. கணிதத்தில் 100, அறிவியலில் 90, சமூகவியலில் 40, இரண்டு மொழிகளிலும் பத்துப் பத்து வாங்கிய பிள்ளையின் சராசரியும் 50 தான். முன்னவனுக்கு எல்லாவற்றிலும் சிறிது கைதூக்கிவிட வேண்டும். பின்னவனுக்கு மொழியில் ஏதோ ஒரு முடிச்சு விழுந்திருக்கிறது. அதை அவிழ்த்துவிட்டால் அவன் எங்கோ போய்விடுவான். இருவரையும் 'சராசரி' என்ற ஒரே கோணிக்குள் திணிக்கும் ஆசிரியர் எந்தப் பிள்ளையையும் பார்க்கவில்லை. வகுத்து வந்த விடையை மட்டும் பார்க்கிறார். அந்தச் சொல்லை நம்பி, "இவனுக்குப் படிப்பு ஏறாது, கடையில் விட்டுவிடலாம்" என்றும், "இவளைப் பத்தாவதோடு நிறுத்திவிடலாம்" என்றும் முடிவு செய்த குடும்பங்கள் எத்தனை! ஒரு வகுத்தல் கணக்கின் விடை ஒரு பிள்ளையின் வாழ்க்கைக்குத் தீர்ப்பாகலாமா?

நடு என்பதை இழிவாகக் கருதும் இப்பார்வை அரபி மொழியின் இயல்புக்கே ஒவ்வாதது. அரபியில் சராசரியை 'முதவஸ்ஸித்' என்பர். அதன் வேர் 'வஸத்', அதாவது நடு. பள்ளி மதிப்பெண்ணின் சராசரியை 'முஅத்தல்' என்பர். அதன் வேர் 'அத்ல்', அதாவது நீதி. திருக்குர்ஆனின் இரண்டாம் அத்தியாயத்தில் இச்சமுதாயம் 'வஸத்' ஆன சமுதாயம் எனப்படுகிறது. அதற்கு நீதியானது என்றே நபிமொழி விளக்கம் தருகிறது. 68 ஆம் அத்தியாயத்தில், ஏழைகளுக்குக் கொடாமல் கனிகளைப் பறித்துவிடச் சதி செய்த தோட்டக்காரர்களின் வரலாற்றில், அவர்களை இடித்துரைத்தவன் 'அவ்ஸத்' என்று குறிக்கப்படுகிறான். அவர்களுள் 'சராசரியானவன்' என்றா விரிவுரையாளர்கள் பொருள் சொன்னார்கள்? அவர்களுள் நேர்மையானவன், சிறந்த அறிவுடையவன் என்றார்கள். நடுவில் நிற்பது தராசின் முள் நிற்பது போன்றது. 'நடுவுநிலைமை' என்று அதிகாரம் வகுத்த வள்ளுவரின் தமிழும் இதையே அறியும். அத்தகைய இடத்தை இழிசொல்லாக்கியது நம் மரபு அன்று. இரவல் வாங்கிய இறுமாப்பு.

திரையாக நிற்கும் எண்

இரண்டாம் வேடத்துக்கு வருவோம். ஒரு தெருவில் பத்து வீடுகள். ஒன்பது வீட்டாருக்கு மாதம் 10,000 ரூபாய் வருமானம். பத்தாவது வீட்டாருக்கு 9,10,000 ரூபாய். கூட்டினால் பத்து இலட்சம். பத்தால் வகுத்தால் ஓர் இலட்சம். "இத்தெருவின் சராசரி மாத வருமானம் ஓர் இலட்சம்" என்று எழுதினால் அதில் கணக்குப் பிழை சிறிதும் இல்லை. ஆனால் அந்த ஓர் இலட்சம் எந்த வீட்டில் இருக்கிறது? ஒரு வீட்டிலும் இல்லை. பத்து வீடுகளில் ஒன்பது சராசரிக்குக் கீழே! "சராசரிக்கு மேலே பாதிப் பேர், கீழே பாதிப் பேர் இருப்பார்கள்" என்று படித்தவர்களே கூறக் கேட்கிறோம். அது எத்தகைய தவறு என்பதற்கு இத்தெருவே சாட்சி.

கணித நூலார் இதை அறியாதவர் அல்லர். அதனால்தான் அவர்கள் மூன்று அளவுகளை வகுத்தனர். எல்லாவற்றையும் கூட்டி வகுப்பது கூட்டுச் சராசரி. சிறியது முதல் பெரியது வரை வரிசையாக நிறுத்தி நடுவில் நிற்பதை எடுப்பது இடைநிலை அளவு. எது மிகுதியாக வருகிறதோ அது முகடு. நம் தெருவில் இடைநிலை அளவும் 10,000; முகடும் 10,000. மெய் பேசும் இரண்டு சாட்சிகளை வெளியே நிறுத்திவிட்டு, மூன்றாமவனை மட்டும் கூண்டில் ஏற்றுவது வழக்காடும் தந்திரமேயன்றி அறிவியல் அன்று.

நம் நாட்டின் வரலாற்றில் இதற்குப் புகழ்பெற்ற ஒரு வழக்கே உண்டு. 1963 ஆகஸ்டில் நாடாளுமன்றத்தில் டாக்டர் ராம் மனோகர் லோகியா எழுந்து, இந்நாட்டு மக்களில் 27 கோடிப் பேர் நாள் ஒன்றுக்கு மூன்று அணாவில் வாழ்கிறார்கள் என்றார். பிரதமர் நேரு அதை மறுத்து, தலைக்குப் பதினைந்து அணா என்றார். மூன்றுக்கும் பதினைந்துக்கும் இடையே இத்தனை தூரம் எப்படி வந்தது? பதினைந்து என்பது செல்வரையும் ஏழையரையும் சேர்த்துக் கூட்டி வகுத்து வந்த சராசரி. லோகியா பேசியதோ அடித்தட்டில் கிடந்த அறுபது விழுக்காட்டினரைப் பற்றி. அந்த அறுபது விழுக்காட்டினருக்கு ஏழரை அணா என்று திட்ட அமைச்சர் குல்சாரிலால் நந்தா வேறொரு கணக்குத் தந்தார். லோகியாவின் மூன்று அணா துல்லியமானதா என்று பொருளியலார் வாதிடட்டும். ஆனால் அரசுத் தரப்பின் கணக்கிலேயே, அடித்தட்டு மக்களைத் தனியே நிறுத்திப் பார்த்தவுடன் பதினைந்து அணா பாதியாகக் கரைந்துவிட்டதே! கேள்வி மாறாதிருந்தால் அந்த மக்கள் அந்தப் பதினைந்துக்குள் புதைந்தே கிடந்திருப்பார்கள்.

இதற்கு நெடுங்காலம் முன்பே நேர்மையான வழியைக் காட்டியவர் தாதாபாய் நவ்ரோஜி. 1867-68 ஆம் ஆண்டுக் கணக்கைக் கொண்டு, இந்தியரின் தலைவருமானம் ஆண்டுக்கு 20 ரூபாய் என்று அவர் கணித்தார். அந்த எண்ணோடு அவர் நின்றுவிடவில்லை. சிறைக் கைதி ஒருவனின் உணவுக்கும் உடைக்கும் ஆகும் செலவைப் பக்கத்தில் வைத்துக் காட்டினார். குற்றம் செய்தவனுக்கு ஆகும் செலவளவுகூட உழைக்கும் குடியானவனுக்குக் கிட்டவில்லை என்பது அதனால் விளங்கிற்று. சராசரியை எடுப்பது பிழையன்று. எடுத்தபின் அதன் கதவைத் திறந்து உள்ளே பார்த்தார் அவர். அதுவே அறிஞர் செயல்.

ஆயுள் பற்றிய பேச்சிலும் இதே மயக்கம் உண்டு. 1941-51 பத்தாண்டில் இந்தியரின் சராசரி ஆயுள் 32 அளவில் இருந்தது. இதைக் கேட்டவர், அந்நாளில் மக்கள் முப்பத்திரண்டு வயதில் இறந்துபோனார்கள் என்று எண்ணிக்கொள்கின்றனர். அப்படியாயின் நம் வீடுகளில் எண்பது வயது வரை தஸ்பீஹ் உருட்டிய மூதாட்டிகள் எங்கிருந்து வந்தார்கள்? தொட்டிலில் மாண்ட குழந்தைகளின் எண்ணிக்கையே அந்த அளவைக் கீழே இழுத்தது. அந்த 32 என்ற எண் முதியோரைப் பற்றிப் பேசவில்லை. கபன் துணியில் சுற்றப்பட்ட பச்சிளம் சிசுக்களைப் பற்றிப் பேசியது. இன்று அந்த அளவு எழுபதை எட்டியிருப்பதில் பெரும்பங்கு அம்மையும் பேதியும் குழந்தைகளைக் கொண்டுபோவது குறைந்ததால் வந்தது. எண்ணின் பொருள் தெரியாதவன் தாய்மாரின் கண்ணீரையும் படிக்கத் தவறுகிறான்.

தாலாட்டாக ஒலிக்கும் எண்

மூன்றாவது வேடமே நமக்கு மிக அண்மையிலுள்ளது. 2001 ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி இந்திய முஸ்லிம்களின் எழுத்தறிவு 59.1 விழுக்காடு, நாட்டின் சராசரியைவிடக் குறைவு. 2006 இல் வெளியான நீதிபதி ராஜிந்தர் சச்சார் குழுவின் அறிக்கை இந்தப் பின்னடைவை நாடறியச் செய்தது. அதே கணக்கெடுப்பில் தமிழ்நாட்டு முஸ்லிம்களின் எழுத்தறிவு ஏறத்தாழ 83 விழுக்காடு. மாநிலச் சராசரியான 73.5 ஐவிட உயர்வு. மேடையில் பேசுவோருக்கு இரண்டு எண்களும் வசதியானவை. மனுக் கொடுக்கும்போது 59, மார்தட்டும்போது 83!

இவ்விரண்டில் உங்கள் தெருவைச் சொல்வது எது? இரண்டும் அல்ல. மேலப்பாளையத்தில் பீடி சுற்றும் தாயின் வீட்டையும், வாணியம்பாடியில் தோல் பதனிடும் கூலியாளின் வீட்டையும், கடல் கடந்த வணிகத்தில் மூன்று தலைமுறையாகச் செழித்த மாளிகையையும் ஒன்றாகக் கூட்டி வகுத்த எண் அது. மாளிகையின் வெளிச்சம் குடிசையின் கணக்கில் எழுதப்பட்டுவிட்டது. குடிசைக்கு விளக்கு வந்ததா? 83 விழுக்காடு என்று மகிழ்வோர், நூற்றில் மீதிப் பதினேழு பேர் எந்தத் தெருவில் இருந்தார்கள் என்று கேட்டதுண்டா? அவர்களுடைய மஹல்லா எது, பெயர் என்ன என்று எந்த ஜமாஅத்துப் பதிவேட்டிலாவது எழுதினோமா?

இந்த மயக்கத்துக்கு இடங்கொடாத ஒரு கணக்கு முறை நம்மிடமே இருக்கிறது. ஜகாத்தைப் பாருங்கள். ஊரின் மொத்தச் செல்வத்தைக் கூட்டித் தலைக்கு இவ்வளவு என்று அது வகுப்பதில்லை. ஒவ்வொருவர் கையிலும் இருப்பதைத் தனித்தனியே எண்ணுகிறது. நிஸாபை அடைந்தவர் கொடுப்பவர், அடையாத வறியவர் பெறுபவர். நாற்பது ஆட்டுக்கு ஓர் ஆடு. நூற்றிருபது வரையிலும் ஓர் ஆடே. ஆளுக்கு நாற்பதாக மூவரிடம் இருந்தால் மூன்று ஆடுகள் கடமை. வசூலிப்பவர் வரும் நேரத்தில் மூன்று மந்தையையும் ஒன்றாக்கி நூற்றிருபது என்று காட்டினால் ஓர் ஆட்டோடு தப்பலாம்! இப்படிக் கணக்குக்காகச் சேர்ப்பதையும் பிரிப்பதையும் அபூபக்கர் (ரலி) அவர்களின் புகழ்பெற்ற ஜகாத் கடிதம் தடுத்துவிட்டது. கூட்டிக் காட்டினால் ஏழையின் பங்கு மறைந்துவிடும் என்பதை அன்றே அறிந்திருந்தனர்.

சத்தியத்தை முறித்தவன் செய்ய வேண்டிய பரிகாரமும் கருதத்தக்கது. பத்து ஏழைகளுக்கு உணவளிக்க வேண்டும். எத்தகைய உணவு? தன் குடும்பத்தாருக்கு அவன் அளிப்பதில் 'அவ்ஸத்' ஆனது. நடுத்தரமானது என்றும், சிறந்தது என்றும் இதற்கு விரிவுரையாளர்கள் இருவகையாகப் பொருள் உரைத்தனர். எப்பொருளைக் கொண்டாலும் அளவுகோல் அவனவன் வீட்டு அடுக்களையே. ஊர்ச் சராசரியைச் சொல்லி எந்தச் செல்வனும் கஞ்சி ஊற்றிவிட்டுப் போக முடியாது.

மற்றொரு சொல்லையும் எண்ணிப் பாருங்கள். அரபியில் புள்ளியியலை 'இஹ்ஸா' என்பர். 'ஹஸா' என்றால் கூழாங்கல். பண்டை மக்கள் கல்லை ஒவ்வொன்றாக எடுத்து வைத்து எண்ணியதிலிருந்து பிறந்த சொல் அது. ஒரு கல் தவறினாலும் எண்ணிக்கை தவறிவிடும். 'அல்முஹ்ஸீ' என்பது இறைவனின் திருநாமங்களுள் ஒன்று. யாவற்றையும் ஒன்றுவிடாமல் எண்ணி வைத்திருப்பவன் என்பது பொருள். மறுமையில் ஒவ்வொருவரும் தன்னந்தனியாக வந்து நிற்பர் என்று திருமறை அறிவிக்கிறது. அந்த மன்றத்தில் சராசரிக்கு இடமே இல்லை.

மறுப்பும் விடையும்

"அப்படியானால் சராசரியே வேண்டாம் என்கிறீரா? கோடிக்கணக்கான மக்களை ஒருவர் ஒருவராகப் பார்த்து எந்த அரசாங்கம் ஆள முடியும்?" என்று கேட்பர். நியாயமான கேள்வி. சராசரி இல்லாமல் ஊருக்கு எவ்வளவு அரிசி தேவை என்று கணிக்க முடியாது. மழையைக் கருதி அணை கட்ட முடியாது. நோயின் போக்கை அறிய முடியாது. ஆயினும் அந்த மழைக் கணக்கே நமக்குப் பாடம் சொல்கிறது. 2015 இல் சென்னை வெள்ளத்தில் மிதந்தது. 2019 கோடையில் அதே சென்னையின் ஏரிகள் வறண்டு, குடம் ஏந்திய மக்கள் தண்ணீர் லாரிக்குக் காத்து நின்றனர். இவ்விரண்டு ஆண்டுகளையும் கூட்டி வகுத்து, "சராசரியாகப் பார்த்தால் சென்னைக்குத் தண்ணீர்க் குறையில்லை" என்று ஒருவர் சொன்னால் அவரை என்னென்பது? நடுவளவோடு, அதிலிருந்து மேலும் கீழும் எவ்வளவு விலகுகிறது என்பதையும் சொல்ல வேண்டும். கணித நூலார் அதற்குத் 'திட்ட விலக்கம்' என்று பெயரிட்டுள்ளனர். விலக்கத்தைச் சொல்லாத சராசரி பாதி உண்மை. பாதி உண்மையைப் பேசுவோர் பெரும்பாலும் மறு பாதியை வேண்டுமென்றே மறைப்பவர்.

ஆகவே சராசரியை ஒழிக்க வேண்டியதில்லை. அதை அதன் இடத்தில் இருத்த வேண்டும். கூட்டத்தைப் பற்றிய கேள்விக்கு அது விடை. தனிமனிதனைப் பற்றிய கேள்விக்கு அது விடையன்று. அரசாங்கமோ பத்திரிகையோ ஒரு சராசரியைக் கூறினால், மூன்று வினாக்களை எழுப்புங்கள். யார் யாரைக் கூட்டினீர்கள்? நடுவில் நிற்பவனுக்கு எவ்வளவு? கடைசியில் நிற்பவனுக்கு எவ்வளவு? இம்மூன்றுக்கும் விடை இல்லாத எண்ணை ஏற்காதீர்கள்.

பள்ளியில் உங்கள் பிள்ளையைச் 'சராசரி' என்றால், தலைகுனிந்து திரும்பாதீர்கள். "எந்தப் பாடத்தில் எந்த இடத்தில் தடுக்குகிறான், சொல்லுங்கள்" என்று கேளுங்கள். அதற்கு விடை சொல்வதற்காகவே ஆசிரியர்கள் இருக்கிறோம். வீட்டில் அந்தச் சொல்லைப் பிள்ளையின் காதில் விழும்படி உச்சரிக்காதீர்கள். அது அவன் உள்ளத்தில் முத்திரையாகப் பதிந்துவிடும்.

ஜமாஅத்துப் பெரியவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். அடுத்த கூட்டத்தில் சமுதாயத்தின் சராசரியைப் பற்றி எவரேனும் பேசத் தொடங்கினால், மஹல்லாவின் வீட்டுப் பட்டியலை அவர் முன் வையுங்கள். பள்ளிக்கூடம் விட்ட பிள்ளை எந்த வீட்டில், அடுப்பு எரியாத நாள் எந்த வீட்டில் என்று ஒவ்வொன்றாகப் படிக்கச் சொல்லுங்கள். அந்தப் பட்டியல் வாசித்து முடிந்தபின், கடலில் எறியப்பட்ட பொதி எவருடையது என்று விளங்கும். கரை சேர்ந்த நாம் நம் பங்கை அவருக்கு எண்ணிக் கொடுப்போமாக.